தண்ணீர் சேராத வைத்தியம்

சீரகத்தை உள்ளங்கையில் கொட்டி, தூசி பறக்க ஓர் ஊது ஊதி, அப்படியே வாயில் போட்டு மெல்லுகிறாள் காலர் அக்கா. கால் பெடலை விட்டு எடுக்கவில்லை. அடுத்த சட்டையின் காலர் ஊசிக்குக் கீழே போய்க்கொண்டேயிருக்கிறது. அடிவயிற்றில் வலி சுருட்டும்போது மட்டும் முழங்கையை இடுப்போடு சேர்த்து இறுக்கிக்கொள்வாள். பக்கத்து மிஷின்காரி அதைப் பார்த்ததுமே, "அக்காவுக்கு வலி வந்துடுச்சு" என்பாள்.

எங்கள் தையல் வரிசையில் காலர் வைப்பது அவள் வேலை. அதனால் பேரே காலர் அக்கா ஆகிவிட்டது. நான் வரிசையின் கடைசி மேஜையில் உட்கார்ந்து, நூல் பிசிறு வெட்டி, தையல் சரியா என்று பார்க்கிறவள். அவள் வைத்த காலரில் குறை கண்டு நான் திருப்பி அனுப்புவது அபூர்வம். அனுப்பினால், "உன் கண்ணுக்கு மட்டும் எங்கிருந்துடி தெரியுது?" என்று சிரித்தபடியே பிரித்துத் தைத்துவிடுவாள்.

மிஷினின் இழுப்பறையைத் திறந்தால் நூல் சுற்றிய பாபின்களுக்கு நடுவே சின்னச் சின்ன டப்பாக்கள். சுக்குப்பொடி, வறுத்த ஓமம், வெந்தயம், கட்டிப் பெருங்காயம். அடிக்கடி வந்து நிற்கும் அந்த வலிக்கு அவள் புருஷன் வைத்திருக்கும் பேர் வாயு. மாமியார் சூடு என்கிறாள். தங்கை பூச்சி என்கிறாள். மாடிவீட்டுக்காரர், கேட்காமலே, குடல்புண் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். "ஆளுக்கொரு வைத்தியம் சொல்றாங்க. வயிறு ஒண்ணுதானே இருக்கு!" என்பாள் அக்கா. ஆனாலும் எதையும் விட்டுவைத்ததில்லை.

ஒரே ஒரு கோளாறு. இதெல்லாம் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டிய சரக்கு. அவளோ அத்தனையையும் வறட்டாகவே நாக்கில் தட்டிக்கொண்டு, கண்ணை மூடி முழுங்குவாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "சீரகத்தைத் தண்ணியில போட்டுக் கொதிக்க வெச்சுக் குடிக்கணும்க்கா" என்றேன்.

"தெரியும்டி. குடிச்சா போகணுமே? எனக்குத் தண்ணி சேராத வைத்தியமாச் சொல்லு."

பாத்ரூம் போவதற்கு எங்களுக்கு டோக்கன் வேண்டும். வரிசை முழுவதற்கும் ஒரே டோக்கன். சூப்பர்வைசர் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கும். ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். காலர் அக்காவுக்கு அதுவும் கிடையாது. அவள் எழுந்தால் அவளுக்கு அடுத்துத் தைப்பவர்கள் எல்லாம் துணியில்லாமல் சும்மா உட்கார வேண்டிவரும் என்று அவளுக்கு மட்டும் தனிச் சட்டம். எவன் யோசித்துக் கண்டுபிடித்தானோ, அவன் நாசமாய்ப் போக! துணியை அளக்கட்டும், நூலை அளக்கட்டும். மூத்திரத்தையுமா அளப்பது?

சூப்பர்வைசர் சின்ன வயசுப் பையன். வாய் நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான். செல்போனில் பார்த்த வைத்தியத்தையெல்லாம் வந்து ஒப்பிப்பான். "இஞ்சிச் சாறுல தேன் விட்டுக் குடிங்கக்கா. வயித்துல வெந்நீர்ப் பை வெச்சுப் படுங்கக்கா." நன்றாகத்தான் சொல்வான். டோக்கன் என்ற வார்த்தை காதில் விழுந்தால் மட்டும் அந்தக் கரிசனம் எங்கே ஓடி ஒளியுமோ! "இந்தக் கட்டு முடியட்டும்க்கா." ஒரு கட்டுத் துணி தைத்து முடிவதற்குள் அடுத்த கட்டு வந்து விழுந்திருக்கும்.

போன வாரம் அக்காவுக்கு வலியோடு குளிர்ஜுரமும் சேர்ந்துகொண்டது. நான்தான் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோதனையெல்லாம் முடிந்தபின் டாக்டரம்மா கேட்டார்:

"தண்ணி நல்லாக் குடிக்கறீங்களா?"

"குடிப்பேன் மேடம். வீட்டுக்குப் போனதும் ஒரு சொம்பு."

"பகல்ல?"

அக்கா தன் கால் கட்டைவிரலைப் பார்த்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பகல்ல குடிச்சா பாத்ரூம் போகணும் மேடம். கம்பெனியில விடமாட்டாங்க" என்று போட்டு உடைத்தேன்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சிறுநீர்ல கிருமி இருக்கும்மா. மாத்திரையில இப்போதைக்குக் குறையும். ஆனா தண்ணி குடிக்காம, வந்ததையும் அடக்கிட்டே இருந்தீங்கன்னா திரும்பத் திரும்ப வரும். கிட்னிக்கு ஏறிடுச்சுன்னா விளையாட்டு இல்ல."

"சீரகம்?" என்றாள் அக்கா, பரிதாபமாக.

"தாராளமாச் சாப்பிடுங்க. வயிறு உப்புசமா இருந்தா அது கேக்கும். இதுக்கு மாத்திரையும் தண்ணியும்தான்."

பஸ் ஸ்டாப்பில் மாத்திரைக் கவரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "இத்தனை வருஷமா என் வயித்தையே திட்டிட்டு இருந்தேன் பாரு. அது பாவம், என்னடி பண்ணும்?" என்றாள். எனக்கு அழுகைதான் வந்தது.

ஜுரம் விட்டு வேலைக்கு வந்த அன்று, எல்லோரும் பார்க்கத் தண்ணீர் குடித்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் போய் டோக்கன் கேட்டாள். டோக்கன் ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர் அடக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க சார். கிட்னி போயிடுமாம்."

"டாக்டருங்க அப்படித்தான்க்கா பயமுறுத்துவாங்க. மாதுளந்தோலைக் காயவெச்சுப் பொடி பண்ணிச் சாப்பிடுங்க. எங்க சித்திக்கு ரெண்டே நாள்ல..."

"டோக்கன் சார்."

"இந்தக் கட்டு முடியட்டும்க்கா."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. என்ன செய்திருப்பேனோ தெரியாது. அக்கா தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். உட்காரவில்லை. மிஷின் சுவிட்சை அணைத்தாள்.

"தம்பி, நான் போயிட்டு வரேன். கேக்கல, சொல்றேன்."

அவன் ஓடிவந்து, மிஷின்களுக்கு நடுவிலிருந்த வழியை அடைத்துக்கொண்டு நின்றான். "இப்படிப் போனீங்கன்னா நாளைக்கு உங்களுக்கு இங்க வேலை இருக்காது!" அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது என்பது அவனுக்கும் தெரியும்.

அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தைத்து முடித்த துணியை மேஜையில் நகர்த்துவாளே, அதே மாதிரி இரண்டு விரலை அவன் தோளில் வைத்து ஓரமாக நகர்த்திவிட்டு, அவசரமில்லாமல் நடந்து போனாள்.