சூழல் கட்டத்தில் எழுதிய கண்டல்

இரண்டு பேரைச் சுட்டது இராணுவம். அவர்களைத் துப்பாக்கிக்கு முன்னால் வரச் சொன்னது நான். இதை எழுத எனக்கு எழுபத்தாறு வயதாக வேண்டியிருந்தது.

போர்க்காலத்தில் புளியந்தீவில் ஓர் இறால் கம்பனியில் திட்டமிடல் அலுவலராக இருந்தேன். வாவிக்கு மேற்கே படுவான்கரை, அது இயக்கத்தின் கையில். கிழக்கே எழுவான்கரை, அது இராணுவத்தின் கையில். இறால் அந்தக் கரையிலிருந்து வந்தது, ஐஸ் இந்தக் கரையில் இருந்தது. இடையிலிருந்த தண்ணீரில் சில காலைகளில் வீங்கிய உடல்கள் வலையில் சிக்கும். மீனவர்கள் வலையை அறுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்தவன். ஒரு தொழிலை வெளியே இருந்து தாக்கக்கூடியவற்றை அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சூழல் என்று ஆறாகப் பிரித்து ஆராய வேண்டும் என்று கற்றிருந்தேன். அலுவலகக் கரும்பலகையில் ஆறு கட்டங்கள் கீறி, நாள்தோறும் கேள்விப்படுவதை எழுதினேன். ஒரு செய்தி ஒரு கட்டத்தில் மட்டுமே வரலாம் என்பது நானே போட்ட விதி. அரசியல் கட்டத்தில் ஏதாவது இருந்தால் மறுநாள் இறால் தோணி வராது. வெறுமையாக இருந்தால் வரும். ஒருமுறை கண்ணிவெடிச் செய்தி கேட்டுத் தோணியை நிறுத்தினேன். அந்த வாரம் வேறொருவருக்கு இறால் ஏற்றிய ஆள் தலையில்லாமல் கரை ஒதுங்கினார். பலகை தவறாது என்று அன்றிலிருந்து நம்பினேன்.

எங்கள் தோணிக்காரர் படுவான்கரை ஆள், என்னைவிடச் சற்று மூத்தவர். எங்களிடம் இறால் கோது உரிக்க வந்த அவருடைய மனைவியின் தங்கையும் அதே தோணியில்தான் வந்து போவாள். ஒருநாள் பின்னேரம் திரும்பிப் போகுமுன் அவர் அலுவலகத்துக்குள் வந்தார்.

“சேர், துறையடியில ஆமிக்காரன் கண்டலெல்லாம் வெட்டிப்போட்டான். காவலரணில இரிந்து பார்த்தா இப்ப எங்கட கரை வரைக்கும் வெட்டவெளி.”

“விறகுக்கு வெட்டியிருப்பாங்கள்.”

“விறகுக்கு வெட்டினா, மறுகா ஏன் சேர் வெட்டினத அப்பிடியே போட்டுட்டுப் போறான்?” சிரித்தார். “உங்கட பலகையில அதுக்கு இடமில்லையா?”

இடம் இருந்தது. கண்டல் வாவிக்கரை மரம். அதன் வேர்களுக்குள்தான் இறால் குஞ்சு வளரும். சுண்ணக்கட்டியை எடுத்துச் சூழல் கட்டத்தில் எழுதினேன்: ‘துறையடியில் கண்டல் அழிப்பு. சில வருடங்களில் இறால் குறையும்.’

“அப்ப நாளைக்கு வரட்டா?”

அரசியல் கட்டத்தைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. “வாங்க,” என்றேன்.

“சரி சேர். ஐஸைக் கொஞ்சம் கூடக் கொண்டாங்க. இண்டைக்கு இறாலெல்லாம் வேர்த்துப்போய்க் கிடந்தது.”

மறுநாள் காலை ஐஸ் லொறியுடன் இந்தக் கரைத் துறையடியில் நின்றேன். தோணி பாதி வாவியைக் கடந்திருந்தது. காவலரணிலிருந்து எச்சரிக்கை எதுவும் இல்லாமல் சுட்டார்கள். முதல் சூடு தண்ணீரில் விழுந்தது. தோணிக்காரர் எழுந்து, துடுப்போடு இரண்டு கைகளையும் உயர்த்தினார். அடுத்த சூடு அவருடைய தாடையைப் பெயர்த்தது. மனைவியின் தங்கை தண்ணீரில் குதித்துத் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு முதுகில் பட்டது. பிடித்த கை உடனே விடவில்லை. நான் லொறிக்குக் கீழே குப்புறக் கிடந்தேன். உருகிய ஐஸ் தண்ணீர் என் கழுத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில், கண்டல் வெட்டிய இடத்தின் வழியே இராணுவப் படகுகள் வரிசையாக வாவிக்குள் இறங்கின. முதல் படகு தோணியை இடித்துத் தள்ளிவிட்டுப் போனது. மாலைவரை எங்கள் தலைக்கு மேலால் ஷெல்கள் படுவான்கரைக்குப் போயின.

அலுவலகத்துக்கு ஓடிப்போய் முதலில் செய்தது பலகையில் அந்தக் கண்டல் வரியை அழித்ததுதான். பிறகு முதலாளி வந்து, முன்கூட்டியே ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்டார். “வரவேண்டாம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை,” என்றேன்.

மூன்றாம் நாள் உடல்களைத் தந்தார்கள். செத்தவீட்டில் அவருடைய மனைவியிடமும் அதையே சொன்னேன். அவர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கணவனின் உடலில் விழுந்து, அந்த உடைந்த முகத்திலேயே அறைந்தார்.

“வேணாமெண்டு சொல்லியும் என்ர தங்கச்சியக் கொண்டுபோய்க் குடுத்திட்டியே! உனக்கு இறால்தான் பெரிசா?”

மீண்டும் மீண்டும் அறைந்தார். நான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கை நின்றிருக்கும்.

போன மாதம் தோணிக்காரரின் மனைவி வீட்டுக்குப் போனேன். சுவரில் தங்கையின் படம் மட்டும், மாலையோடு. எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவர் என்ன சொன்னவர்? அவர்ர வாயால சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

கண்டல், காவலரண், வெட்டவெளி, விறகு, வேர்த்த இறால் எல்லாம் சொன்னேன்.

“செத்த மூஞ்சில அடிச்சனான் சேர். நீங்க பக்கத்தில நிண்டீங்க.”

“ஓம்.”

உள்ளே போய், பெட்டியின் அடியிலிருந்து ஓர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார். மூலையில் பழைய கறை. கணவனுடைய ஒரே படம் அதில்தான் இருந்தது.

“இதப் பெரிசாக்கிக் கொண்டாங்க. அதுக்குப் பிறகு இந்தப் பக்கம் வராதீங்க.”

புளியந்தீவில் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுபோனேன். வாசலில் நின்றே வாங்கிக்கொண்டார்.