இரண்டு கண்களும் திறந்தபடி

நான் லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் மீன் வெட்டுகிறவன். மகள் ஆர்ஜொந்தெய் புறநகரில் துப்பாக்கி சுடும் கழகமொன்றில் உறுப்பினர். வேறு பொழுதுபோக்கே கிடைக்கவில்லையா இவளுக்கு. ஒருநாள் வந்து சுட்டுப் பாருங்கள் என்று ஒரு மாதமாக நச்சரித்தாள். மறுப்பதற்கான காரணத்தைச் சொல்ல முடியாது. அகதி விண்ணப்பத்தில் ஆயுதமே தொட்டதில்லை என்று எழுதியவன் நான். பதினைந்து வருடமாக வீட்டிலும் அதையே சொல்லிவந்தேன்.

கடைசியில் ஒருநாள் அவளோடு போனேன். அவள் தந்த பிஸ்டலின் மேல் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு சிவப்புப் புள்ளி. தூக்கிப் பிடித்ததும் என் இடக்கண் தானாக மூடிக்கொண்டது.

"ரெண்டு கண்ணையும் திறவுங்கோ அப்பா," என்றாள் மகள். "புள்ளியைப் பாக்காதேங்கோ. சுடப்போறதைப் பாருங்கோ. புள்ளி தானா அதில வந்து நிக்கும்."

"ஆடுது."

"ஆடட்டும். நீங்கள் அங்கை பாருங்கோ."

எனக்கு இயக்கத்தில் பழக்கியது வேறு. ஒரு கண்ணை மூடு, துப்பாக்கி முனையிலுள்ள குறியை மட்டும் பார், எதிரே நிற்பது மங்கலாகத்தான் தெரியும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் மங்கலாகத்தான் தெரிந்தது. அந்த மங்கலை நம்பித்தான் இத்தனை காலமும் நித்திரை கொண்டேன்.

இரண்டு கண்ணையும் திறந்தேன். பத்து மீற்றர் தள்ளித் தொங்கிய கடதாசியில் வட்டங்கள் மட்டுமல்ல, மூலையில் யாரோ கசக்கிய மடிப்பும் துலக்கமாகத் தெரிந்தது. பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டேன்.

"என்னப்பா, பயமோ?"

"ஓம்."

அவள் சிரித்து என் முதுகைத் தட்டினாள். "முதல்தரம் பிடிக்கிற எல்லாருக்கும் அப்பிடித்தான்."