ஓகூஸில் ஒருதரம்தான் கேட்பார்கள்

1986 ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, யுரேனியத்தைப் பற்றிப் பேச டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்குப் போனேன். உண்மையில் போனது வேலை தேடித்தான். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் இரசாயனவியல் படிப்பித்த நான், அப்போது கோப்பன்ஹேகனை அடுத்த ஹ்விடோவ்ரேயில் இருந்துகொண்டு ஒரு தொழிற்சாலையில் மீனுக்கு வால் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு டேனிஷ் கற்பித்த காரென் ஓகூஸ்காரி. முதல் அணுகுண்டுக்கு வேண்டிய யுரேனிய உலோகத்தை எந்த மாதிரிக் கம்பனிகள் செய்து கொடுத்தன என்று அங்கேயுள்ள தன் சமாதானக் குழுவுக்கு விளக்க ஆள் தேடினாள். "கூட்டத்துக்கு ஹான்ஸும் வருவார். பெயின்ற் தொழிற்சாலை ஒன்றில் ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு. அவருக்கு ஒரு ஆள் தேவை" என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் மூன்று வாரம் நூலகத்தில் தவம் கிடந்தேன்.

கோப்பன்ஹேகனில் காலை எட்டு மணிக்கு ரயில். ஏறக்குறைய 300 கிலோமீற்றர், ஐந்து மணிநேரம். கோர்சோர் துறைமுகத்தில் ரயிலே கப்பலுக்குள் ஏறிவிடும். பிறகு ஒரு மணிநேரம் கடல். மேல்தட்டில் கோப்பி ஒன்பது குரோனர். பக்கத்தில் இருந்த டேனிஷ் அம்மா சீஸ் வைத்த பாண் துண்டை நீட்டினார். "இல்லை, வேண்டாம், நன்றி" என்றேன். எங்கள் முறைப்படி அவர் திரும்பக் கேட்கவேண்டும், நான் கொஞ்சம் நெளியவேண்டும், மூன்றாம் தரம் அவர் கையில் திணிக்கவேண்டும். அம்மா தலையாட்டிவிட்டு முழுவதையும் தானே தின்று முடித்தார்.

ஓகூஸ் நிலையத்தில் சூசை அண்ணை தன் பழைய காரோடு நின்றார். மன்னார்க்காரர், அங்கே ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை.

"சாப்பிட்டனியோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை."

அவரும் நம்பிவிட்டார். இரண்டு வருட டென்மார்க் மனிதரை அப்படிக் கெடுத்து வைத்திருந்தது.

மண்டபத்தில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் சிரிக்கும் சிவப்புச் சூரியச் சின்னம் குத்தியிருந்தது. 'அணுசக்தியா? வேண்டாம், நன்றி' என்று அதில் எழுதியிருக்கும். காரென் மூன்று அடுக்குக் கேக்கை நீட்டினாள். நானும் சூரியனைப் போலவே சிரித்து, சூரியனைப் போலவே பதில் சொன்னேன். கேக் அடுத்த மேசைக்குப் போய்விட்டது.

வெறும் வயிற்றோடு பேசினேன். இரண்டாம் உலக யுத்தத் தொடக்கத்தில் சுத்தமான யுரேனிய உலோகம் கிடைப்பதே அரிது. பல்பு இழைக்கு உதவுமா என்று முன்பு செய்து பார்த்திருந்த ஒரு பல்புக் கம்பனியிடம் அமெரிக்க விஞ்ஞானிகள் போனார்கள். மருந்துச் சரக்கு செய்யும் இன்னொரு கம்பனி யுரேனியத்தை ஈதர் என்ற திரவத்தில் சுத்திகரித்துக் கொடுத்தது. பல்புக் கம்பனிக்கு வேண்டிய யுரேனிய உப்பைச் செய்ய வெயில் தேவைப்பட்டது. ஆகவே, நாங்கள் பனங்கிழங்கைப் பிளந்து ஒடியலுக்குக் காயவிடுவதுபோல, கூரையில் தொட்டிகளைப் பரப்பினார்கள். முகில் மூடினால் வேலை சுணங்கும் என்றேன். முப்பது பேரும் குனிந்து தங்கள் நெஞ்சில் இருந்த சூரியனைப் பார்த்தார்கள். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

ஒரு கிழவி கையை உயர்த்தினார். "கேட்டவுடனே செய்து கொடுத்தவையோ? என்னத்துக்கு என்று ஒருவரும் கேக்கேல்லையோ?" டேனிஷில்தான் கேட்டார், நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"அது ரகசியம். கனபேருக்குச் சொல்லேல்லை. யுத்தத்துக்கு என்றால் காணும், செய்தவை" என்றேன். அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

முடிந்ததும் ஹான்ஸ் வந்தார். நெடிய மனிதர். "எங்கடை ஆய்வுகூடத்துக்கு வேலைக்கு வாறீங்களோ?"

மூன்று வாரம் காத்திருந்த கேள்வி. என் வாய் சொன்னது: "ஐயோ, வேண்டாம், உங்களுக்கு ஏன் சிரமம்."

"சரி" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு அவர் சைக்கிளில் போய்விட்டார்.

காரில் ஏறி அழுதேன். கதையைக் கேட்ட சூசை அண்ணை தலையில் கை வைத்தார். "விசரே உனக்கு? இவையள் ஒருக்கால்தான் கேப்பினம். எந்தப் பக்கம் போனவர்?"

துரத்தினோம். ஓகூஸ் மேடு பள்ளமான ஊர். ஏற்றத்தில் எங்கள் கார் இருமியது, ஹான்ஸ் மிதித்துக்கொண்டே போனார். கடைசியில் ஒரு சிவப்பு விளக்கில் பிடித்தோம். கண்ணாடியை இறக்கினேன்.

"நான் வாறன்."

"வேண்டாம் என்றீங்கள்?"

"அது முதலாவது வேண்டாம். எங்கடை ஆக்கள் அதைக் கணக்கெடுக்கிறேல்லை." அந்தக் கிழவியின் முகம் நினைவுக்கு வந்தது. "உங்கடை பெயின்ற் எங்கை போகுது?"

"கப்பலுக்கு, அடியிலை பூச."

"போர்க்கப்பலுக்குமோ?"

விளக்கு பச்சையானது. ஹான்ஸ் அசையவில்லை. "தெரியாது. இருபது வருசமாய் நான் கேக்கேல்லை" என்றார்.

பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. காரெனிடம் என் நம்பரை வாங்கிக்கொள்வதாக அவர் கத்தியதோடு பேச்சு முடிந்தது. ஐந்து மணி ரயிலில், கிடைக்க இருந்த வேலையையும் கேள்வி கேட்டுக் கெடுத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

ஓகூஸ் போகிறவர்களுக்கு: இப்போது கடலுக்குப் பாலம் வந்துவிட்டது, மூன்று மணிநேரம் போதும். நல்ல சப்பாத்தோடு போங்கள், ஏற்றம் அதிகம். கேக் நீட்டினால் முதல் தரமே வாங்குங்கள். வேலை தந்தால் மட்டும், என்னத்துக்கு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஹான்ஸ் வியாழக்கிழமை போன் எடுத்தார். "கேட்டன். மீன்பிடிப் படகும் பயணிகள் கப்பலும்தானாம். இரண்டாம் தரம் கேக்கிறன், வாறீங்களோ?"

மூன்றாம் தரத்துக்கு நான் காத்திருக்கவில்லை.