ஸ்டெல்லாக்கா அடுக்கிய பல்வரிசை

செய்தி வந்தபோது சிதம்பரத்தில் எங்கள் பல் லேபில் பல்லை நேராக்கும் ஓர் அலைனரின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கடலூரிலிருந்து ஸ்டெல்லாக்காவின் கணவர் அந்தோணி பேசினார். "ஸ்டெல்லா போயிட்டாம்மா." மெஷினை நிறுத்தவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்காவைத் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடிக்கொள்ளும். ஊரார் பல்லை நேராக்கியவருக்கு முன்பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. 2005இல் நாங்கள் சேர்ந்து லேப் தொடங்கியபோதே கிண்டல் செய்வேன். "மொதல்ல உங்க வாயைச் சரி பண்ணுங்கக்கா, அப்பத்தான் கஸ்டமர் நம்புவாங்க." "வேலையப் பாருடி, என் வாயை எவன் பாக்குறான்" என்பார்.

கம்பி கட்ட விரும்பாதவர்களுக்குத்தான் அலைனர். டாக்டர் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றிப் பல் மாடல் எடுப்போம். கோணல் பல்லை மட்டும் அறுத்தெடுத்து, வரிசையை நோக்கித் துளி நகர்த்தி மெழுகில் ஒட்டுவார் அக்கா. சூடான பிளாஸ்டிக் ஷீட்டை மெஷின் அதன்மேல் இழுத்துப் படியவைக்கும். அதை வெட்டித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத உறை. போடப்போடப் பல் நகரும். பிறகு அடுத்த உறை. குறிஞ்சிப்பாடிப் பெண் ஒருத்தி கல்யாணத்துக்குள் முடிக்கச் சொல்லி அழுதபோதும் அக்கா மசியவில்லை. "எலும்புக்குள்ள இருக்குற பல்லும்மா. ஜாஸ்தி தள்ளுனா ஆடிப்போயிடும்."

அப்படிப்பட்டவருக்கும் ஓர் ஆசை வந்தது. தன் கல்யாணப் போட்டோவில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பார். வெள்ளிவிழாவுக்குப் பல் தெரியச் சிரித்து இன்னொரு போட்டோ எடுத்துப் பக்கத்தில் மாட்ட வேண்டுமாம். எங்களுக்கு அச்சு அனுப்பும் டாக்டரம்மாவும் சம்மதித்தார். அக்கா தன் பல்லுக்கு இரண்டு மாடல் எடுத்தார். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றதில் எல்லாப் பற்களையும் கடைசியில் வரவேண்டியபடி நேராக அடுக்கினார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒவ்வோர் அலைனரையும் செய்தார்.

பாதியில், வயிற்றில் கட்டி என்றார்கள்.

ஒருநாள் ஈறு வீங்கி வந்தார். அலைனரின் ஓரம் ஈறைக் கீறியிருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. மாடலில் பல்லை ஒரேயடியாகத் தள்ளி ஒட்டியிருக்கிறார். ஏறாத உறையைக் கடித்து ஏற்றப் பார்த்திருக்கிறார். "ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்களுக்கு அறிவில்ல?" என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை.

"பல்லு மெதுவாத்தான் வரும்டி. எனக்கு அவ்ளோ நாள் இருக்கான்னுதான் தெரியல."

அழுதுகொண்டே புது அச்சு எடுத்து, சரியான அளவில் நானே ஒன்று செய்துகொடுத்தேன். கட்டிக்குக் கொடுத்த மருந்தில் வாயெல்லாம் புண்ணாகிவிட்டதால் அதை அவர் போடவேயில்லை. வெள்ளிவிழாவுக்கும் அவர் இல்லை.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அந்தோணி லேபுக்கு வந்தார். "அவ ஞாபகமா எதனா இருந்தா குடும்மா" என்றார். நல்லதைக் கொடுப்போமே என்று நேராக அடுக்கிய மாடலை நீட்டினேன்.

"இது யாருது?"

"அக்காதுதான். கடைசில இப்படி வரணும்னு அவுங்களே வச்சது."

வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா இவுங்கள எனக்குத் தெரியாதும்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு நான் எடுத்துக் காட்டிய கோணல் பல் மாடலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார்.

மற்றது என்னிடம் இருக்கிறது. அக்கா ஒருமுறைகூடச் சிரித்துப் பார்க்காத சிரிப்பு அது. அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.