மருந்தைப் பார்த்தே இராத பெண்

யுத்த சமயத்தில் நான் கம்பவுண்டராக இருந்தேன். மருந்துப் பெட்டியோடு கொல்லிமலை ஏறிப்போனபோது வளப்பூர் நாடு என்ற மலையூரில் ஒரு மிளகுத் தோட்டக்காரரைச் சந்தித்தேன். ஒடிசலான உடம்பு, காதில் கடுக்கன். எது கொடுத்தாலும் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மடியில் முடிந்துகொள்வார்.

அவருக்குச் சீதபேதி கண்டிருந்தது. புதிதாக வந்திருந்த சல்பா மாத்திரைகளைக் கொடுத்து, மிச்சம் வைக்காமல் விழுங்கச் சொன்னேன். வயிறு கொஞ்சம் அடங்கியதுமே நிறுத்திவிட்டார். மழை பிடித்ததும் நோய் திரும்பியது. மடியில் முடிந்து வைத்திருந்த மிச்ச மாத்திரைகளை விழுங்கினார், நோய் கேட்கவில்லை. அதே மாத்திரையை நான் புதிதாகக் கொடுத்தும் கேட்கவில்லை.

“உங்க உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சுங்க” என்றேன்.

அவரைப் பார்த்துக்கொண்ட மகளுக்கும் அது தொற்றியது. அதே மாத்திரையை வேளை தவறாமல் நானே கொடுத்தேன். அவள் இறந்துபோனாள். அவர் எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

நான் கிளம்பும்போது அவர் அருகில் வந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, எம்பட உடம்பு பழகிப்போச்சுன்னீங்க, சரி. எம்புள்ள இந்த மாத்திரையை அதுக்கு முன்னால கண்ணுலகூடப் பாத்ததில்லீங்களே. அவளுக்கு ஏனுங்க கேக்கல?”

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“தெரியலீங்க” என்றேன்.

மலையிறங்கும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அவரிடமிருந்து அவளுக்குப் போனது நோய் ஒன்றுதான். அப்படியானால் மருந்துக்குப் பழகியது அவர் உடம்பா, அந்த நோயா? நோய் எப்படிப் பழகும்? யாரிடம் போய்க் கேட்பதென்றுகூட எனக்குத் தெரியவில்லை.