ரத்தத்துக்கு எத்தனை வயது?

மறதி ஆராய்ச்சியில் வேலை பார்ப்பவர்கள் ஒரு பேனாவைக்கூட நிம்மதியாகத் தொலைக்க முடியாது; உடனே நாலு பேர் சிரிப்பார்கள்.

கோவையைச் சுற்றி வீடு வீடாகப் போய், நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களின் ஞாபகசக்தியைச் சோதித்து, ஒரு குழாய் ரத்தமும் எடுத்து வருவது என் வேலை. மறதி நோயில் பரம்பரைக்கு எவ்வளவு பங்கு, வாழ்கிற விதத்துக்கு எவ்வளவு பங்கு என்று ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். கதவு தட்டிப் பிழைக்கும் சக ஜீவன்களே, நாய் துரத்துவது, "கடன் ஏதும் வேண்டாமுங்க" என்று சன்னலைச் சாத்துவது எல்லாம் உங்களுக்கும் பழக்கம்தான். எனக்குக் கூடுதலாக ஒரு பயமும் உண்டு. அறுபதை ஒட்டி அம்மாவுக்கு அந்த நோய் வந்தது. கடைசி ஆறு வருஷம் என்னைப் பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். எனக்கும் வருமா என்ற கேள்வி இல்லாமல் நான் எந்தக் கதவையும் தட்டியதில்லை.

போரும் சுச்சும்

கையெழுத்து வாங்கும் முன் எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்பது விதி. சூலூர் பக்கம் ஒரு விவசாயி, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரிடம் நானும் மூச்சுப் பிடித்துச் சொன்னேன். மரபணு அப்பா அம்மா கொடுத்தது, அதை மாற்ற முடியாது. ஆனால் அதில் எது வேலை செய்யும், எது சும்மா கிடக்கும் என்பதை நம் சாப்பாடு, தூக்கம், பீடி, கவலை எல்லாம் ஓரளவு மாற்றும். அந்த மாற்றங்களை ரத்தத்தில் பார்த்து உடம்பின் வயதைக்கூடச் சொல்கிறார்கள்.

அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டு மோட்டார் ஓடும் பக்கம் திரும்பிப் பார்த்தார். எங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சியில் புரிய வைத்ததை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "ஏனுங்க அம்மணி, அப்பப் போரு எங்கய்யன் போட்டது, சுச்சு மட்டும் என்ற கைலீங்களா?"

மூன்றாவது சொல்

சோதனையில் மூன்று சொற்கள் சொல்வோம். வேறு ஏதாவது பேசிவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்போம். தொண்டாமுத்தூரில் ஓர் அம்மாவிடம், "கடிகாரம், நாற்காலி, யானை" என்றேன். அச்சடித்த தாளில் இருந்தது, நான் என்ன செய்ய? யானை என்றதும் வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தார். எங்கேயும் வரவில்லை, இது கேள்வி என்று உட்கார வைப்பதற்குள், போன வாரம் அது வந்து வாழையைச் சாய்த்தது, குழாயை மிதித்தது எல்லாம் பேச்சில் வந்துவிட்டது.

ஐந்து நிமிஷம் எங்கே, அரை மணி நேரம் கழித்து மூன்று சொல்லையும் கேட்டேன். யானை மட்டும்தான் வந்தது. மற்ற இரண்டும் ஞாபகம் இல்லையா என்றதற்கு அந்த அம்மா கோபமாகச் சொன்னார்: "ஆனை வந்து நிக்கறப்ப நாற்காலி எங்கீங்க ஞாபகத்துல நிக்கும்?"

என்ன தேதி?

சிங்காநல்லூரில் ஓய்வு பெற்ற மில் தொழிலாளி ஒருவர். மனைவியிடம் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பின்னால் இருந்து அவரே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, "நீங்க உட்காருங்க, உங்களையே கேக்கறேன். இன்னைக்கு என்ன தேதி?" என்றேன். மனுஷன் விட்டத்தைப் பார்த்தார். மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னார்: "கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவுருக்குத் தேதி நாந்தானுங்க."

பட்டியலில் ஒரு எண்

பயிற்சியின்போது யார் கையில் குத்திப் பழகுவது என்று எல்லோரும் முழித்தபோது, நானே கையை நீட்டியிருந்தேன். வயது நாற்பத்தாறு என்பதால் கையெழுத்து வாங்கிக்கொண்டு என்னையும் ஆய்வில் சேர்த்துவிட்டார்கள். பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஒரு நாள் ஆய்வகத்திலிருந்து பட்டியல் வந்தது. படிவத்தில் எழுதிய வயதும் ரத்தம் காட்டும் வயதும் ஒத்துப்போகாதவர்கள் அதில் இருந்தார்கள். நாலாவது வரியில் என் எண். எழுதிய வயதைவிட ரத்தத்துக்கு ஏறக்குறைய நாலு வயது அதிகம்.

அன்று குழம்பில் ரெண்டு தடவை உப்புப் போட்டேன். ஒவ்வொரு சிக்னலிலும் கடிகாரம், நாற்காலி, யானை என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்தால் அம்மா முகம்தான் தெரிந்தது. மூன்று நாள் தாங்கிவிட்டு, ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரம்மாவிடம் போய் அழுதேன். அவர் பட்டியலை என் பக்கம் திருப்பி வைத்தார். "நோய்னு இதுல எங்க எழுதியிருக்கு? உங்க வயசு சரியான்னு கேட்டிருக்காங்க, அவ்வளவுதான். முதல்ல அதைப் போய் விசாரிங்க."

அக்காவின் சாட்சி

வயதை யாரிடம் விசாரிப்பது? எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதும் பழக்கம் இல்லை; பள்ளிக்கூடச் சர்டிபிகேட்தான் எனக்கு எல்லாம். ஆனைமலையில் இருக்கும் அக்காவைத் தேடிப் போனேன். கேட்டதும் அவள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் அப்பா வேலை பார்த்த தோட்டத்துக்காரர் மகனும் நானும் ஒரே வாரத்தில் பிறந்தவர்களாம். அவன் ஆஸ்பத்திரியில் பிறந்தவன், தேதி பதிவாகியிருக்கிறது. போன தையில்தான் ஐம்பது முடிந்து விருந்து போட்டிருக்கிறான்.

அந்தக் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது, வாத்தியார் சேர்த்துக்கொள்வார். அவன் முதல் தடவையே தொட்டுவிட்டான். நான் நோஞ்சான். எட்டவில்லை என்று என்னை நாலு வருஷம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்; திரும்பி வந்தது எனக்கும் ஞாபகம் உண்டு, அது நாலு வருஷம் என்பதுதான் தெரியாது. ஒருவழியாக விரல் காதில் பட்ட அன்றைக்கு வாத்தியார் ஐந்து என்று எழுதிவிட்டார். அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். ஐம்பது என்றால் ரத்தம் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது என்றார். நோய் வரவே வராது என்பதற்கு இது உத்தரவாதம் இல்லை என்பதையும் மறக்காமல் சொன்னார். போகட்டும், என் ரத்தம் என்னை முந்திக்கொண்டு ஓடவில்லையே, அது போதும். நான் மூக்கைச் சிந்துவதைப் பார்த்து அக்கா என் தலையில் செல்லமாகக் குட்டினாள். "உனக்கு மூளையெல்லாம் ஒண்ணும் மூப்பாவுல புள்ள, கைதான் குட்டை!"

ஒரே நாளில் நாலு வயது கூடிப்போன சந்தோஷத்தில் ஆபீஸ் முழுக்க மைசூர்பா கொடுத்த பெண்பிள்ளை இந்தக் கோயமுத்தூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.