பக்கம் மாறிய வாசகம்

எங்கள் வீட்டில் நான்தான் கெட்டிக்காரி என்றும், இரண்டு வயது மூத்தவளான அக்கா சற்று மந்தம் என்றும் எல்லோரும் நம்பினார்கள். அதற்கு ஆதாரம் எங்கள் வாசிப்பு. ஒன்றாம் வகுப்புப் பாடநூலை நான் மூச்சு விடாமல் வாசிப்பேன். அக்காவோ மூன்றாம் வகுப்புக்கு வந்த பிறகும் ஒவ்வோர் எழுத்தின் அடியிலும் விரல் வைத்து, ஒலிகளைக் கூட்டிக் கூட்டித்தான் ஒரு சொல்லுக்கு வந்து சேர்வாள். சிந்தாதிரிப்பேட்டையில் ஆசிரியையாக இருந்த அத்தை வரும்போதெல்லாம் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எம் மருமவ தண்ணி மாதிரி படிக்கிறா" என்பார்.

உண்மையில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. வகுப்பில் மிஸ் பிரம்பால் கரும்பலகையைத் தொட்டுக்கொண்டே போக, நாற்பது பேரும் ஒரே குரலில் பாடத்தைச் சொல்வோம். ஒருமுறை கேட்டது என் மனத்தில் தங்கிவிடும். எந்தச் சொல்லில் தாளைத் திருப்ப வேண்டும் என்பதும் சேர்ந்தே தங்கிவிட்டது. வாசிப்பு என்றால் அதுதான் என்றே நானும் நினைத்திருந்தேன்.

சாந்தோமில் எங்கள் தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பது வழக்கம். எங்கள் முறை வந்தபோது, பைபிள் வாசகத்தைப் பெரியவள் வாசிக்கட்டும் என்றார் அப்பா. அக்கா ஒரு வாரம் மாடிப்படியில் உட்கார்ந்து அதைப் பழகினாள். கீழ்ப்படியில் அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்த எனக்கு மூன்றாம் நாளே அது மனப்பாடம். கூட்டத்தன்று வந்த அத்தை, இவள் படித்து முடிப்பதற்குள் காபி ஆறிவிடும் என்று சொல்லி, புத்தகத்தை அக்காவிடமிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தார். அக்கா சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.

கூட்டத்தை நடத்திய பக்கத்து வீட்டு மாமா கடைசி நேரத்தில் வேறொரு வாசகத்தைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்தைத் திறந்தும் கொடுத்தார். நான் எழுந்து நின்று, வரிகளின்மேல் விரலை ஓட்டியபடி, பழைய வாசகத்தைக் கணீரென்று தொடங்கினேன். தங்கள் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். கண்களை மூடியிருந்த அத்தை மட்டும் பெருமிதத்தோடு தலையசைத்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அது இல்லம்மா. கையில கீற பக்கத்த படி," என்றார் மாமா.

கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தேன். அதில் இருந்தவை எல்லாம் கோடுகளும் சுழிகளுமாகத் தெரிந்தன. மற்றவர்களுக்கு அந்தக் கோடுகள் ஏதோ சொல்கின்றன, எனக்கு மட்டும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அக்கா எழுந்து வந்து என்னை ஒட்டி நின்றாள். முதல் எழுத்தின் அடியில் விரலை வைத்து, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி அந்த ஒலியைச் சொன்னாள். நான் அதை உரக்கச் சொன்னேன். அடுத்தது, அதற்கடுத்தது. சொல் சொல்லாக அந்த வாசகம் எங்கள் இருவர் வழியாகவும் வெளியே வந்தது. காபி ஆறித்தான் போயிற்று. கூட்டத்தைப் பார்த்துக் குழந்தை பயந்துவிட்டது என்று அத்தை எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். என் பெயர் கெடவில்லை.

மறுநாள் காலை, வீட்டில் சொல்லிவிடுவாயா என்று அக்காவைக் கேட்டேன். அவள் செய்தித்தாளைப் படியில் விரித்து, ஒரு தலைப்பில் முதல் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மீதியை உள்ளங்கையால் மூடினாள்.

"நீ படிக்கக் கத்துக்கினா, அப்புறம் சொல்றதுக்கு இன்னா கீது? இத மட்டும் சொல்லு. கைய எடுக்கற வரைக்கும் அடுத்ததுக்குப் போவாத."

மழைக்காலம் முடிவதற்குள் நான் உண்மையாகவே வாசிக்கத் தொடங்கியிருந்தேன், அக்காவைப் போலவே மெதுவாக. என் வேகம் எங்கே போயிற்று என்று அத்தை கவலைப்பட்டார்.

அக்கா எனக்கு உதவினாள் என்பது மட்டுமே அன்று எனக்குப் புரிந்தது. எங்கள் இருவரில் வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும், என் கையிலிருந்த புத்தகத்தை வாங்கித் தன் குரலில் வாசித்திருந்தால் அவள் மந்தமில்லை என்று அப்போதே எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்பதும் புரியவில்லை. தனக்குரிய அந்தக் குரலை அவள் என் காதுக்குள் செலவழித்தாள்.

இன்று அத்தை இல்லை; அம்மாவும் அப்பாவும் இல்லை. அக்கா அடையாற்றில் ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறாள். சாந்தோம் வீட்டில் நாங்கள் இருவர் இருக்கிறோம்.